வயரில் ஒரு பெயர் மட்டும் விழாது

கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்கிற தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடும்போது நம் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் நம் அப்பா பெயர் வரைக்கும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரை போனவன். பரீட்சை எழுதவில்லை. ஆமத்தூரில் வீட்டுக்கு லைட் போடும் வேலையில் ஆரம்பித்து, டெலிபோன் வயருக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டர் வயருக்கு வந்தேன். கூட்டாளி பால்பாண்டி, என் மனைவியின் தம்பி. வயருக்கு இரண்டு முனை இருக்கிறதால் இந்தத் தொழிலுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனை நான், மறுமுனை அவன். சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர் என்று நாங்கள் படுத்து உருளாத மேஜையடி கிடையாது. உங்களில் யாராவது ஸ்டூலில் ஏறி நிற்கும்போது கீழே இருந்து ஒருவர் "இன்னுமா முடியல?" என்று கேட்டிருந்தால், நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

எஸ்தர் அம்மாளின் ஜெபம்

திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ். அதன் முதலாளி, சென்னையில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்ட ஆறு கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கூடவே அதற்குரிய வயரும் வந்தது. அது வளையமாகப் போடும் ரகம். முதல் மிஷினிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, அப்படியே போய் ஆறாவதிலிருந்து திரும்ப முதலாவதுக்கு. பட்டாசுப் பெட்டி லோடு ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றி விடுவார்களே, அதேதான். இடது பக்கத்து ஆள் தருவதை வாங்கி, தனக்கு இல்லை என்றால் வலது பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும். நடுவில் ஒருவர் டீ குடிக்கப் போனால் எல்லாப் பெட்டியும் அங்கேயே நிற்கும்.

அங்கே தினமும் மத்தியானம் ஆறு மிஷினும் நின்றுபோகும். போன் வரும். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆமத்தூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் மேஜைக்கு அடியில் படுத்து, ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதாவது ஒன்றைத் திருகிவிட்டு வருவேன். ஒரு நாள் வேறு வேலையாக மத்தியானமே அங்கே இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கணக்கு எழுதும் எஸ்தர் அம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்தார். பிறகு மிஷினை அணைத்தார். பூப்போட்ட துணியால் அதை மூடினார். கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அடுத்த நொடி, டிசைன் போடும் கனிராஜ் அந்தப் பக்கமிருந்து "போச்சு!" என்று கத்தினான். எஸ்தர் அம்மாள் ஜெபம் முடியும் வரை மீதி ஐந்து பேரும் மௌன அஞ்சலி செலுத்துவது போல உட்கார்ந்திருந்தார்கள்.

நான் போய், மிஷினை அணைக்காமல் ஜெபம் பண்ணலாமே என்று பக்குவமாகச் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சிக்கனம்தான் பெரிது. "வேல செய்யாத மிஷினுக்கு எதுக்கு அண்ணாச்சி கரண்டு? ஆமென் சொன்னதும் போட்டிருவேன்ல!" என்றார்.

காதுகுத்துப் பத்திரிகை

பால்பாண்டியின் மகள் பவித்ராவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பத்திரிகை அடித்தது அதே பிரஸ்ஸில்தான். கனிராஜ் இரண்டாவது மிஷினில் எழுத்துக் கோத்தான். அது நான் இழுத்த வயர் வழியாக ஆறாவது மிஷினுக்குப் போய், அங்கே அச்சுக்குத் தயாரானது. கட்டு பிரித்து முதல் பத்திரிகையை நான்தான் எடுத்தேன். மஞ்சள் தடவினது கையில் ஒட்டியது.

தாய்மாமன் என்று பால்பாண்டி மனைவியின் அண்ணன்மார் மூன்று பேர் பெயரும் இருந்தது. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'துபாய்' என்றுகூடப் போட்டிருந்தது. 'அத்தை: கு. செல்லத்தாய்' என்று என் மனைவி பெயர் இருந்தது. அத்தைக்குப் பக்கத்தில் மாமா என்று ஒருத்தன் இல்லவே இல்லை. குருசாமி என்கிற நான், என் மனைவி பெயருக்கு முன்னால் 'கு' என்று ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏலே மாப்ள, என் பேரு எங்கலே?" என்று கேட்டேன். அவன் பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பிள்ளையார் மட்டும்தான் இருந்தார். "எழுதிக் குடுத்தேனே மச்சான். ரெண்டாவது மிஷின்லருந்து ஆறாவதுக்குப் போறப்ப நெட்வொர்க்குல விழுந்திருக்கும்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சா இது? வளையம் என்றால் வந்தால் எல்லாம் வரும், நின்றால் எல்லாம் நிற்கும். துபாய் வரைக்கும் பத்திரமாக வந்திருக்கிறது, உள்ளூர்க்காரன் பெயர் மட்டும் வழியில் எப்படி விழும்? இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்: "எனக்கென்ன தெரியும்? நீங்க இழுத்த வயருதான மச்சான்!"

பச்சை வருதா?

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். காதுகுத்துக்குப் போனேன், கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன், வந்தேன். எனக்கு வேண்டியது பெரிய மன்னிப்பு எல்லாம் இல்லை. 'வயர்ல தப்பில்ல மச்சான், நான்தான் விட்டுட்டேன்' என்கிற ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் பேசுவேன். இல்லாவிட்டால் இல்லை. வேலையை மட்டும் விடவில்லை. அவனைப் போல வயரைச் சுருக்கு விழாமல் விடுகிற ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. கோபம் வேறு, வயர் வேறு.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குள் நெட்வொர்க்கைச் சரி பண்ணு, இல்லாவிட்டால் வயரை எல்லாம் உருவிக்கொண்டு போய்விடு என்று முதலாளி சொல்லிவிட்டார். வளையத்துக்கு நடுவில் வைக்கிற பெட்டி ஒன்று மதுரையில் கிடைத்தது. அதைப் பொருத்தப் போனோம். நான் மேனேஜர் அறைக்குள். பால்பாண்டி ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். கையை நீட்டினால் அவன் தலையில் குட்டலாம். ஆனால் பேச முடியாதே! கனிராஜைக் கூப்பிட்டு, "அந்த ஆள்ட்ட பச்சை வருதான்னு கேளு" என்றேன். அவன் பக்கத்து மிஷினில் எரிய வேண்டிய பச்சை லைட்டைத்தான் சொன்னேன். கனிராஜ் ஆல்பம் வேலையில் முழுகிக் கிடந்தான். எழுந்திருக்காமல் எஸ்தர் அம்மாளிடம் சொன்னான். எஸ்தர் அம்மாள் டெஸ்பாட்ச் ஆளிடம் சொன்னார். அவர் அச்சு மிஷின் ஃபோர்மேனிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவனுக்குப் போக வேண்டிய கேள்வி பிரஸ்ஸையே சுற்றிக்கொண்டு போனது.

ஃபோர்மேனுக்குப் பச்சை என்றால் மை. ஓடிக்கொண்டிருந்த தாளை உருவிப் பார்த்துவிட்டு, "பச்சை பிரமாதமா வருது" என்றார். அது அதே வழியில் திரும்பி வந்தது. நான் நம்பிப் பெட்டியை மூடி, நான்கு ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டு, ஒரு மிஷினும் ஓடாததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் "பச்சை நெசமாவே வருதான்னு கேளு" என்று அனுப்பினேன். இந்தத் தடவை அச்சை நிறுத்திவிட்டு ஃபோர்மேனே நேரில் வந்தார். கையில் முருகன் படம், மயிலோடு. "மயிலு கழுத்தப் பாருங்க, இதுக்கு மேல பச்சை எங்கன வரும்?" என்றார். நடந்ததை எஸ்தர் அம்மாள் எடுத்துச் சொன்னார். மரியாதைக்கு 'அண்ணாச்சி' என்றாலும் அவர் எங்கள் இருவருக்கும் மூத்தவர். தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார், அந்தப் பக்கம் அவனைப் பார்த்தார். "ஏலே, மொதல்ல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வயர் இழுங்கலே!"

டக்

பெட்டி ஓட ஆரம்பித்தது. அது எப்படி என்றால், ஒவ்வொரு மிஷினின் வயரும் பெட்டிக்குள் வந்து போகும். மிஷின் உயிரோடு இருக்கும் வரை பெட்டிக்குள் தன் கதவைத் தானே திறந்து பிடித்திருக்கும். மிஷினை அணைத்தாலோ வயரைப் பிடுங்கினாலோ அந்தக் கதவு 'டக்' என்று மூடிக்கொள்ளும். வளையம் அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். முதலாளிக்கு இது புரியவில்லை. பால்பாண்டி முன்னால் வந்து, "சரவெடில ஒண்ணு புஸ்ஸாயிட்டா மிச்சம் வெடிக்காமயா போகுது மொதலாளி? திரி அதத் தாண்டிப் போயிரும்ல? அதே கததான்" என்றான். முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. நல்ல விளக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'புஸ்' என்று சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான். அதையும் நான் மறக்கவில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. எஸ்தர் அம்மாள் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு லீவு போட்டுப் போயிருந்தார். திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வந்ததும் வராததுமாக, "நான் இல்லாம இங்க எல்லாம் நின்னு போயிருக்குமே?" என்று கேட்டார். கனிராஜ் தலையைத் தூக்காமல், "ஒண்ணும் நிக்கலியே, சூப்பரா ஓடிச்சு" என்றான். அந்த அம்மாள் பூப்போட்ட துணியை விரித்து, திரும்ப மடித்து வைத்தார். முன்பெல்லாம் அவர் கண்ணை மூடினால் ஒரு பிரஸ்ஸே நிற்கும். இப்போது லீவு போட்டாலும் ஒரு 'டக்'கோடு சரி. என் பக்கம் திரும்பி, ஏதோ நான் பண்ணின துரோகம் போலக் கேட்டார்: "அப்ப நான் வந்தாலும் வராட்டாலும் இங்க ஒண்ணுதானா அண்ணாச்சி?"

சொல்லாமல் போன மிஷின்

விருதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கேயும் இதே மாதிரிப் பெட்டி போட்டோம். டாக்டர் அறையில் ஒரு மிஷின், ரத்தம் பார்க்கிற லேப்பில் ஒரு மிஷின், இன்னும் இரண்டு. ஒரு நாள் டாக்டர், லேப்பிலிருந்து ரிப்போர்ட்டே வரவில்லை என்று கோபமாக உட்கார்ந்திருந்தார். லேப்பில் இருந்தவர், அனுப்பியதை டாக்டர் பார்க்கவே இல்லை என்று கோபமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கோபத்துக்கும் நடுவில் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி, தனக்கு என்ன வியாதி என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் காராச்சேவைக் காலி பண்ணிவிட்டார்.

போய்ப் பார்த்தால், நர்ஸ் ரெஜினா டாக்டருக்கு வெந்நீர் வைப்பதற்காக அவர் மிஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகியிருந்தார். பெட்டி 'டக்' என்று டாக்டரைத் தாண்டிப் போய்விட்டது. மற்ற மிஷின்கள் எல்லாம் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. டாக்டருக்குக் கம்ப்யூட்டர் என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணம்போல, திரையைப் பார்த்துச் சந்தேகப்படவே இல்லை. நான் விளக்கிச் சொன்னதும் ரெஜினா என் பெட்டி மேல்தான் பாய்ந்தார். "மனுசன்னா ஒரு முனகலாவது முனகுவான். இது போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போக வேண்டாமாய்யா?"

வாட்ச்மேனின் கொடி

காலம் போயிற்று. அந்த வயரும் போயிற்று, அந்தப் பெட்டியும் போயிற்று. இப்போது வருவது தடித்த உறைக்குள் கண்ணாடி நூல். அதற்குள் வெளிச்சம் ஓடும். சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட், ஆபீஸ், பேக்கிங், குடோன் என்று நான்கு இடத்தையும் வளையமாகக் கட்டினோம். அங்கே ஒவ்வொரு கட்டடமும் விலகி விலகித்தான் இருக்கும். ஒரு ரூமில் ஏதாவது ஆனால் அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாது. கம்ப்யூட்டர் வளையத்திலும் இப்போது அந்தப் புத்தி வந்துவிட்டது. ஒரு பக்கம் அறுந்தால், சேதி திரும்பி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது.

நானும் பால்பாண்டியும் இன்னும் பேசவில்லை. பவித்ரா வளர்ந்து, படித்து, வேலைக்கே போய்விட்டாள். நாங்கள் அதற்குள் விசில் பாஷை கண்டுபிடித்திருந்தோம். ஒரு விசில் என்றால் 'வருது', இரண்டு என்றால் 'வரல'. விசில் பேச்சில் சேராது. இந்தக் கம்பெனியில் நான் இரண்டு விசில் அடித்தேன். பேக்கிங் ரூமிலிருந்த பெண்கள் அத்தனை பேரும், வீட்டுக்குப் போகிற வேன் வந்துவிட்டது என்று தூக்குச்சட்டியோடு வெளியே வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர் என்னை வெயிலில் நிற்க வைத்துப் பேசினார். அது தனிக் கதை.

அன்று எங்களைக் கூப்பிட்ட காரணம், கேட்டில் இருக்கும் மிஷின் மட்டும் தனியாக நின்றுபோனது. மற்ற மூன்றும் ஓடுகின்றன. கேட்டுக்குப் போகிற இரண்டு வயரில் ஒன்றை வேன் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அது சரி, இன்னொன்று எங்கே? நிமிர்ந்து பார்த்தேன். கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் என்னுடைய கண்ணாடி நூல் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் வாட்ச்மேனின் கைலி ஒன்றும் இரண்டு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. ரொம்ப நாளுக்கு முன்பே அறுத்துவிட்டாராம். நான் கேட்டதும் அவருக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. "ஒண்ண அறுத்தப்ப நல்லாத்தான ஓடிச்சு அண்ணாச்சி? கம்பெனிக்காரக தெரியாம ரெண்டு குடுத்துட்டாகன்னுல்ல நெனச்சேன்!"

பா

பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அதே பிரஸ், அதே கனிராஜ். இப்போது அவனுக்குத் தலையில் முடி இல்லை. எஸ்தர் அம்மாள் ரிட்டையர் ஆகியும் கணக்குப் பார்க்க வந்து போகிறார். இந்தத் தடவை மாமா பெயர் விடக்கூடாது என்று பவித்ராவே அப்பனிடம் சண்டை போட்டாளாம். அச்சுக்கு முந்தின மாதிரித் தாள், பிரஸ்ஸிலிருந்து எஸ்தர் அம்மாள் கைக்குப் போய், அங்கிருந்து என் மனைவி கைக்கு வந்து, காப்பி டம்ளரோடு என் முன்னால் வந்தது. "ஒரு தடவ பாத்துருங்க" என்றாள் செல்லத்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபத்தில் இருக்கிற மனுஷன் எப்படிப் பார்ப்பான்? கூப்பிட்டவுடன் பார்த்துவிட்டால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை? "மாமா வரிசைல ஒங்க பேருதான் மொதல்ல இருக்கு" என்றாள். உள்ளுக்குள் குளிர்ந்தது. இருந்தாலும் பார்க்கவில்லை.

பத்திரிகைகள் அச்சடித்துக் கட்டுக் கட்டாக வந்து எங்கள் வீட்டில் இறங்கின. பால்பாண்டி முன்னறையில் உட்கார்ந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். மெரூன் எழுத்து, தங்கக் கரை. மாமா என்று போட்டு, முதல் பெயராக இருந்தது: பா. குருசாமி.

என் அப்பா பெயர் வேலு. நான் வே. குருசாமி. 'பா' என்றால் யார்? எங்கள் குடும்பத்தில் பாவன்னாவில் தொடங்குகிற ஒரே ஆள் பால்பாண்டிதான். என் மைத்துனன் எனக்கு அப்பாவாகி நிற்கிறான்! அத்தனை வருஷக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. முன்னறைக்கு வந்து, "ஏலே மாப்ள! எங்கப்பன் பேரு என்னலே?" என்று கத்தினேன்.

பால்பாண்டி என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்து, "அக்கா, மச்சான் என்கிட்டயா பேசுறாக?" என்று கேட்டான். "ஒங்கிட்டதாம்லே, பதில் சொல்லு" என்றாள் அவள். பத்திரிகையை வாங்கிப் பார்த்தவன் முகம் செத்துவிட்டது. "கனிராஜ் போன் போட்டு, மாமாவுக்கு இனிஷியல் என்னன்னு கேட்டான் மச்சான். பாத்துச் சொல்றேன்னு சொல்ல வந்தேன். 'பா'ன்னதும் லைன் கட்டாயிருச்சு. நெட்வொர்க்கு..." என்றான். மறுபடியும் நெட்வொர்க்கா! நான் கையை ஓங்கிக்கொண்டே போனேன். அவன் பத்திரிகைக் கட்டைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "இந்தத் தடவ நெசமாவே நெட்வொர்க்குதான் மச்சான்! அன்னைக்குத்தான் வயர்ல தப்பில்ல, அன்னைக்கு நான்தான் விட்டுட்டேன். துபாய்க்காரர் பேரப் போட்டதுல கார்டுல எடம் பத்தல!"

பால்பாயிண்ட் பேனா

பார்த்தீர்களா? எத்தனை வருஷமாகக் காத்திருந்த வாக்கியம்! ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து அனுபவிக்க விட்டானா? ஒரு கையால் பழைய கடனை அடைத்துவிட்டு மறு கையால் என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இத்தனை காலம் கூடவே வயர் இழுத்தவனுக்கு என் அப்பா பெயரைப் 'பார்த்து'ச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செல்லத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "வராட்டி இருங்க. அதுக்காவத் தாலி கட்டாமயா இருப்பாக?" என்றாள். எனக்குக் காதுக்குள் 'டக்' என்று கேட்டது.

அது மட்டும் நடக்கக்கூடாது. என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு கல்யாணம் போகக்கூடாது. கடைக்குப் போய்ப் பால்பாயிண்ட் பேனா வாங்கி வந்தேன். கட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பத்திரிகையிலும் 'பா'வை அடித்து, அதற்கு மேல் 'வே' என்று எழுதினேன். மெரூன் எழுத்தில் நீலம். பால்பாண்டி எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் கட்டைப் பிரித்துக் கொடுக்க, நான் எழுத, அவன் வாங்கித் திரும்பக் கட்டினான். நடுவில் பேனா தீர்ந்துபோய்க் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்தேன். "வருதா மச்சான்?" என்று கேட்டான். "வரல" என்றேன். வேறு பேனா எடுத்துக் கொடுத்தான். "இப்ப?" "வருது." பக்கத்தில் இருந்தவனிடம் நேராகக் கேட்டால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று எனக்கே ஆச்சரியம். ஆனாலும் அந்த அப்பா பெயர் விஷயத்தை நான் மறந்துவிட்டதாக அவன் நினைத்தால் அது அவன் தப்பு.

பத்திரிகை வைக்க இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். பிரஸ்ஸில் ஃபோர்மேனுக்கு ஒன்று, கனிராஜுக்கு ஒன்று கொடுத்தோம். கனிராஜ் தன் அச்சில் பேனா பட்டிருப்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எஸ்தர் அம்மாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு என் பெயர் மேல் விரலை வைத்தார். "இம்புட்டுப் பேரு மெரூன்ல மின்னுது அண்ணாச்சி, ஆனா பத்திரிகையத் தூக்குனா கண்ணுக்கு ஒங்க பேரு மட்டும்தான் தெரியுது!"

வளையத்திலிருந்து ஒரு மிஷினைக் கழற்றினாலும் மிச்சமெல்லாம் நிற்காமல் ஓடும் என்பது தொழில்முறையில் முழு உண்மைதான்; கழற்றின மிஷின் சும்மா இருக்கும் என்பதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் கேரண்டி கொடுத்ததில்லை.